அத்தைக்கு மட்டும்

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

மலையேறி வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு மட்டும் ஓயாமல் ஒழுகுகிறது. அத்தையின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? லாரியோடு போன உங்கள் பிள்ளை திரும்பிவிட்டாரா? கடையில் வேலை குவிந்தாலும் தையல் மிஷினை நாள் முழுக்க மிதிக்க வேண்டாம்.

இந்த வானிலை நிலையத்தில் மொத்தமே மூன்று பேர்: பொறுப்பாளர், சமையலையும் காவலையும் சேர்த்துப் பார்க்கும் அண்ணன், நான். பொறுப்பாளர் நல்ல மனிதர்தான், ஆனால் எண்ணில்தான் பேசுவார். "ரொம்பக் குளிருதா சார்?" என்று கேட்டால் "பதினொண்ணு புள்ளி நாலு" என்பார். செல்போன் சிக்னல் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. ரேடியோ இருக்கிறது, ஆனால் அதில் வெப்பம், காற்று, ஈரம் தவிர வேறு பேச்சு கூடாது. ஜீப் எப்போது மேலே வருகிறதோ அப்போதுதான் கடிதமும் காய்கறியும்.

எனக்கு முன்னால் இங்கே எந்தப் பெண்ணையும் போட்டதில்லை. "பெண்களுக்கு வசதி இல்லை" என்று யாரோ எப்போதோ ஃபைலில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னை ஆறு மாதம் வைத்துப் பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு தடவை "முடியவில்லை, இறங்குகிறேன்" என்று நான் சொல்லிவிட்டால் அந்த வரி நிரந்தரமாகிவிடும், எனக்கும் இந்த வேலை போய்விடும். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டாவது இருந்துவிடப் போகிறேன்.

உள்ளே ஒரு சின்ன உறை வைத்திருக்கிறேன். அது அத்தைக்கு மட்டும். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது.

வணக்கங்களுடன்,
உங்கள் மருமகள்

(உள்ளே இருந்த உறை)

அத்தை, உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன். இங்கே எந்தக் குப்பையையும் புதைக்கக் கூடாது, கீழே ஊற்று இருக்கிறது. எரிக்கவும் கூடாது, புகை கருவிகளுக்கு ஆகாது. எல்லாம் ஜீப்பில்தான் இறங்க வேண்டும். ஜீப்காரர் ஒவ்வொரு பையையும் தூக்கிப் பார்த்து "இதுல என்னம்மா இருக்கு?" என்று பாசமாகக் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல? மழை பிடித்தால் பாதை சரிந்துவிடுமாம். அப்போது புது நாப்கினும் வராது, பழையதும் போகாது.

துணி நாப்கின் வைத்துக்கொண்டால் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். வீட்டு மிஷினில் எனக்குக் கொஞ்சம் தைத்து அனுப்புவீர்களா? தயவுசெய்து மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

*

ஜூன் 21

அன்பு மருமகளுக்கு,

உன் ஒழுகும் மூக்கு நின்றிருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்கால் அப்படியே இருக்கிறது, மோசமாகவில்லை என்பதே நல்ல செய்தி.

உன் கடிதம் வந்த அன்று காலைதான் அத்தைக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். நல்லபடியாக நடந்தது. கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து என்னை விரட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த கண்ணும் முடிந்து புதுக் கண்ணாடி கொடுக்கும்வரை எழுத்து பார்க்கக் கூடாது, ஊசி தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே உன் உள் உறையைப் படித்தது யார் என்று நீயே தெரிந்துகொள். "பிரிச்சுப் படிங்க, என்ன அவசரமோ" என்றாள் அத்தை. பாதியில் விஷயம் புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் படிக்க முடியவில்லை என்பதால் திறந்துகொண்டேன். மாமாவுக்குத் தெரிய வேண்டாம் என்ற கடைசி வரியையும் உரக்கத்தான் படித்தேன். அத்தை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரிடம் நான்தான் திட்டு வாங்க வேண்டும்.

இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது. வண்டிகளுக்கு சீட் தைக்கிறவன் நான். உட்காரப்போவது யார் என்றே தெரியாமல் அவரை வசதியாக உட்காரவைப்பதுதான் என் தொழில். மேற்படி சாமானை நானே தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயர் எழுதக் கை வரவில்லை, மேற்படி என்றே வைத்துக்கொள்வோம். நடுவில் நல்ல ஃபோம், மேலே உயர்ந்த ரக ரெக்சின், ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த பைப்பிங். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காது. அதற்கு நான் பொறுப்பு.

அத்தை சொல்கிறாள்: தைரியமாக இரு. புது சீட் முதலில் விறைப்பாகத்தான் இருக்குமாம், உட்கார உட்காரப் படிந்துவிடுமாம்.

ஆசிகளுடன்,
மாமா

*

ஜூலை 12

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

அத்தையின் கண் நன்றாக ஆறிவருகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். சொட்டு மருந்தை மறக்காமல் விடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்தவள் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. பிறகு பசித்தது, வந்துவிட்டேன். பசிக்கு முன்னால் மானம் எவ்வளவு நேரம் நிற்கும்.

மாமா, தையலில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மேற்படியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் ஒரு சாண் உயர்ந்துவிடுகிறேன். பொறுப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "நாற்காலிய மாத்திட்டியா?" என்று கேட்டார். நடந்தால் ரெக்சின் கீச் கீச்சென்று பேசுகிறது. அதைவிட முக்கியமான விஷயம், இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். உள்ளே ஒரு சொட்டும் இறங்கக் கூடாது என்பதல்ல, மாமா. எல்லாச் சொட்டும் உள்ளேதான் இறங்க வேண்டும். அடிப்பக்கமாக வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான்.

நான் தொடாமல் வைத்திருந்த ஒன்றைச் சமையல்கார அண்ணன் பார்த்துவிட்டார். அடுப்பு முன்னால் முட்டி போடும்போது கீழே வைத்துக்கொள்ள நன்றாக இருக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். உங்கள் கைவேலையை இங்கே ஒருவர் தினமும் வாழ்த்துகிறார்.

மழை ஆரம்பித்துவிட்டது. கடையில் வாங்கிவந்த பொட்டலங்கள் தீரப்போகின்றன. அறை மூலையில் கட்டிவைத்த பையும் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
மருமகள்

*

ஆகஸ்ட் 2

அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு வலது கண்ணில் வெளிச்சம் நன்றாக வந்துவிட்டதாம். அடுத்த கண்ணுக்கு செப்டம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருடமாக மழையில் நனையாத சீட் தைத்தே பழகிவிட்டது, நனைய வேண்டிய சீட் என் புத்திக்கு எட்டவில்லை. நேராகக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கினேன். கடைப் பெண் அதைக் காகிதத்தில் சுற்றி, மேலே ஒரு கறுப்புப் பையில் போட்டு, ஏதோ திருட்டுப் பொருள் மாதிரி நீட்டினாள். நான் அங்கேயே பிரித்து, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "ஐயா, வீட்டுல போய்ப் பாருங்களேன்" என்று கெஞ்சினாள். பக்கத்தில் நின்றவர் சோப்பு வாங்காமலே போய்விட்டார்.

பிளேடால் பிரித்துப் பார்த்ததில் சூட்சுமம் விளங்கியது. மேலே உடம்பில் படும் துணி, நடுவில் உறிஞ்சும் துணி, அடியில் தடுக்கும் துணி. மேலுக்குப் பழைய பருத்திப் போர்வை எடுத்தேன், மிருதுவாக இருக்கிறது. நடுவுக்குப் புதுத் துண்டுத் துணி. டீயை ஊற்றிச் சோதித்தேன். புதுத் துணியில் கஞ்சி இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை, டீ அப்படியே வழிந்து என் மடிக்கு வந்தது. மூன்று தடவை அலசிக் காயவைத்த பிறகு ஒரு டம்ளரை மறுபேச்சில்லாமல் குடித்தது. அடிக்கு மழைக்கோட்டுத் துணி. நகராமல் இருக்க இரண்டு பக்கமும் இறக்கை, பிரஸ் பட்டன்.

கொடியில் டீக் கறையோடு வரிசையாகத் தொங்கியபோதுதான் உன் வீட்டுக்காரன் லாரியை நிறுத்திவிட்டு வந்தான். "என்னப்பா இது?" என்றான். "உன் பொண்டாட்டிக்கு" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பட்டனை நான் அடிக்கிறேன்" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டான். பட்டன் எங்காவது கோணலாக இருந்தால் அவனைத் திட்டு.

அத்தை சொல்கிறாள்: பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். நனைந்ததை நெடுநேரம் வைத்திருக்காமல் மாற்றிவிடு. ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறாள்: மழைக்குப் பயந்து இறங்கி வந்துவிடாதே.

ஆசிகளுடன்,
மாமா

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். எவ்வளவு சுகம் என்று இரண்டே வரியில் சொல்கிறேன். பாதை சரிந்து ஜீப் வராத நாட்களில் உங்கள் பார்சல்தான் என்னைக் காப்பாற்றியது. கீச்சென்று பேசவில்லை, உயரம் கூடவில்லை, அரிப்பு இல்லை, அடியில் ஒரு சொட்டு இல்லை.

காலையில் ஏணியில் ஏறிக் காற்றாடிக் கருவியைத் துடைத்தேன், மாலையில் ஓடையைத் தாண்டி மழைமானி பார்க்கப் போய்வந்தேன். நாள் முழுக்க அதை மறந்தே போய்விட்டேன். மறக்க முடிவதுதான் பெரிய விஷயம் என்று அத்தைக்குப் புரியும்.

பட்டன் எல்லாம் நேராகத்தான் இருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள்.

காயவைப்பதுதான் பாடாய் இருந்தது. அறைக்குள் காயாது. வெளியே புல்வெளியில் கொடி கட்டலாம், ஆனால் இரண்டு ஆம்பிளைகள் நடமாடுகிற இடத்தில் எப்படித் தொங்கவிடுவது? கடைசியில் ஒரு நல்ல இடம் கண்டுபிடித்துவிட்டேன். மழை படாது, காற்று நன்றாக வரும், யார் கண்ணிலும் படாது. இனிமேல் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

அடுத்த கண் ஆபரேஷனுக்கு அத்தை தைரியமாகப் போய்வர வேண்டும்.

அன்புடன்,
மருமகள்

*

செப்டம்பர் 30

அன்பு மருமகளுக்கு,

அத்தைக்கு இடது கண்ணும் முடிந்துவிட்டது. வலி இல்லை.

உனக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. ஜீப் மேலே போய் வருகிறது என்று அடிவாரத்து அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாதை சரியாக இருந்தும் கடிதம் வரவில்லை என்றால் சரிந்தது வேறு ஏதோ. உன்னை அதட்டவில்லை. ஒரு வரி போடு.

மாமா

*

அக்டோபர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத முகமில்லாமல் இருந்துவிட்டேன், மன்னியுங்கள்.

நான் துணி காயப்போட்ட நல்ல இடம் எது என்று சொல்லவில்லை அல்லவா? புல்வெளி நடுவே கால் வைத்த ஒரு வெள்ளை மரப்பெட்டி இருக்கிறது. நாலு பக்கமும் சாய்வான பலகை. வெயிலும் மழையும் உள்ளே நுழையாது, காற்று மட்டும் போய்வரும். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கிற கருவிகள் அதற்குள்தான் இருக்கின்றன. காலையும் மாலையும் அதைத் திறப்பது நான் ஒருத்திதான். உள்ளே ஒரு கயிறு கட்டி, துவைத்ததையெல்லாம் அதில் தொங்கவிட்டேன்.

ஈரம் அளக்கிற கருவிக்குப் பக்கத்தில் ஈரத் துணி. வானிலை படித்தவள் நான், மாமா. வெட்கம் வந்தால் படிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

மூடுபனி இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் வந்ததும் சுற்றியுள்ள மலைகளெல்லாம் காய்ந்தன, எங்கள் மலை மட்டும் ரீடிங்கில் நனைந்துகொண்டே இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து காரணம் கேட்டு எழுதினார்கள். பொறுப்பாளர் போய்ப் பெட்டியைத் திறந்தார். பார்த்தார். சத்தமில்லாமல் மூடினார். "எத்தனை?" என்றார். "ஆறு சார்" என்றேன். "ரீடிங் கெட அது போதும்" என்றார்.

திட்டவில்லை. மறுநாள் அவரே வந்து, "கருவி பழுதுன்னு ஒரு வரி எழுதிடறேன்மா, யாரும் கேக்கமாட்டாங்க" என்றார். நான் நாலு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் உள்ளதை எழுதினால், பெண்களுக்கு வசதி இல்லை என்று அன்றைக்கே சொன்னோமே என்று என்னைக் கீழே இறக்கிவிடுவார்கள். இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி.

இந்த ஜீப்பிலேயே ஏறிவிடலாமா என்றுகூட இருந்தது. அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஜீப்காரர் அடிவாரத்திலிருந்து அவசரத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், பதிலையும் அவரே கொண்டுவருவார்.

மருமகள்

*

அக்டோபர் 10

அன்பு மருமகளுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில்.

தையல் விட்டுப்போனால் ரெக்சின் சரியில்லை என்று பழி போடுகிற ஆளை என் கடையில் நான் வைத்துக்கொள்வதில்லை. பேசத் தெரியாத கருவி மேல் நீ பழி போடாதே. பொறுப்பாளர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நீயே எழுது.

எழுதும்போது மேற்படி என்று எழுதாதே, அவர்களுக்குப் புரியாது. மாதவிடாய்த் துணி என்றே எழுது. பார், எனக்கே எழுத வந்துவிட்டது. துவைத்த மாதவிடாய்த் துணியைப் பெட்டிக்குள் காயவைத்தேன், தப்பு என்னுடையது, எடுத்துவிட்டேன், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை ஈர அளவை நம்பாதீர்கள் என்று எழுது. காயப்போட ஒரு கொடி இல்லை என்பதுதான் அங்கே உள்ள வசதிக் குறைவு. அதற்கு ஆளை மாற்ற வேண்டியதில்லை, கயிறு கட்டினால் போதும்.

புதிதாக ஒரு மாதிரி தைத்து அனுப்பியிருக்கிறேன். கனமாகத் தைத்ததுதான் நான் செய்த பிசகு, அது எப்படிச் சீக்கிரம் காயும்? இது பிரித்தால் ஒற்றைத் துணி, மூன்றாக மடித்து உறைக்குள் செருகினால் மெத்தை. பிழிந்து, உலர்ந்த துண்டில் சுருட்டி மிதித்துவிட்டு வெயிலில் போடு. புல்வெளியில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரியே போடு.

அத்தை சொல்கிறாள்: இருந்துவிடு. அங்கே உனக்கு வேலை இருக்கிறது. வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அத்தையின் கண் நலம், என் முழங்கால் நலம். உன் மூக்கு எப்படி?

ஆசிகளுடன்,
மாமா

*

நவம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

மூக்கு நின்றுவிட்டது. மலை என்னை ஏற்றுக்கொண்டது போலிருக்கிறது.

நீங்கள் எழுதியதைக் கிட்டத்தட்ட அப்படியே அறிக்கையில் எழுதினேன். பொறுப்பாளர் படித்துவிட்டு ஒரே ஒரு தேதியைத் திருத்தினார், கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் புல்வெளிக்குப் போனால் வெயில் நன்றாக விழும் இடத்தில் இரண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தது. சமையல்கார அண்ணன் கட்டினாரா, பொறுப்பாளர் கட்டினாரா என்று தெரியவில்லை. நான் காயப்போட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து முதலில் ஒரு கடிதம் வந்தது. அந்த நாட்களின் ஈர அளவை நீக்கிவிட்டார்களாம். எனக்கு இங்கே சிரமமாக இருப்பதால், நான் ஒரு வார்த்தை சொன்னால் உடனே நகர அலுவலகத்துக்கு மாற்றித் தருகிறார்களாம். அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அன்று முழுக்க அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை, ஆசை இல்லை என்று சொன்னால் பொய். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று அழுகையே வந்தது.

பிறகு "இருந்துவிடு" என்று நீங்கள் சொன்னதை எடுத்து மறுபடி படித்தேன். மாற்றம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நேற்று பதில் வந்தது. என்னை இங்கேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஃபைலில் அந்த வரியை அடித்துவிட்டார்களாம். இன்னொரு பெண்ணும் வரப்போகிறாளாம், பயிற்சி முடிந்ததும்.

எல்லாம் உங்களால்தான் அத்தை. ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் சொல்லி அனுப்பிய அந்தக் கடைசி வரி இல்லையென்றால் நான் என்றைக்கோ ஜீப் ஏறியிருப்பேன்.

அன்புடன்,
மருமகள்

*

நவம்பர் 29

அன்புள்ள மருமகளுக்கு,

இது என் கையெழுத்து. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஆறு மாதமாகப் பேனா பிடிக்கவில்லை. புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இப்போது எல்லாம் தெரிகிறது, மூலையில் இருக்கிற ஒட்டடையும், உன் மாமா வீடு பெருக்கிய லட்சணமும் சேர்த்து. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்.

உனக்கு வேலை நிரந்தரமானதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். சந்தோஷத்தில் உன் கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, ஆசை தீர நானே படித்தேன். நான் சொன்னதால்தான் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

நான் சொன்னது என்ன என்று சொல்கிறேன், கேள். கண்ணில் கட்டுப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் எழுதச் சொன்னது ஒரே வரிதான்: "வந்துடச் சொல்லுங்க." இவர் கடைக்குப் போய்விடுவார், பிள்ளை லாரியோடு போய்விடுவான், நான் கறுப்புக் கண்ணாடியோடு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நீ கூட இருந்தால் தேவலை என்று இருந்தது. மறைப்பானேன், நீ அந்த வேலையை விட்டால்கூடப் பரவாயில்லை என்றுதான் நினைத்தேன்.

இவரும் சரி சரி என்று எழுதுவார். எழுதி முடித்து எனக்கு வாசித்தும் காட்டுவார். "அத்தை சொல்கிறாள், வந்துவிடு" என்று அழுத்தமாக வாசிப்பார். காகிதத்தில் வேறு இருந்திருக்கிறது, அவர் முதலில் எழுதிப் பார்த்த காகிதங்கள் மிஷின் இழுப்பறையில் அகப்பட்டன. உன் பதிலை வாசிக்கும்போது நடுநடுவே இருமுவார். எங்கெங்கே இருமினார் என்று இப்போது பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த வெந்நீர் விஷயமும் அதோடு சேர்ந்ததும் மட்டும்தான் நான் சொன்னது. மீதி எல்லாம் அவர் சரக்கு. சீட் படியும் என்றெல்லாம் நான் என் ஆயுசில் பேசியதில்லை, உனக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

நேற்றுக் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டேன். வரப்போகிற பெண்ணுக்கு இப்போதே தைக்க ஆரம்பித்துவிட்டார், அளவு தெரியாததால் மூன்று அளவில். "நான் வரச் சொல்லச் சொன்னா, நீங்க இருக்கச் சொல்லியிருக்கீங்களே" என்று கேட்டேன். மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ தைச்சுக் குடுங்கன்னுதானே கேட்டா" என்றார். "கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கலையே."

இன்று காலை பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் இல்லை, யாரும் வாசித்துக் காட்டவில்லை, இது நானே என் கையால் எழுதுவது: நீ அங்கேயே இரு.

லீவு கொடுத்தால் மட்டும் வா.

அத்தை